சாரமும் முட்டும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூர் கெண்ட் ரிட்ஜ் பல்கலைக்கழக வளாகத்தில் திசுப் பொறியியல் ஆய்வு மாணவி நான், இது நான்காம் ஆண்டு. கரையும் பாலிமரில் எலும்புக்கான சட்டகம் அச்சிட்டு, அதில் உயிரணுக்களை வளர்க்கிறோம். மூன்று முறை வளர்த்தேன், மூன்று முறையும் செத்துவிட்டன. கூடப் படித்தவர்கள் வங்கி வேலைக்குப் போய்விட்டார்கள். நானும் விட்டுவிடலாமா என்று இருக்கிறது. ஆங்கிலத்தில் இந்தச் சட்டகத்தை ஸ்காஃபோல்டு என்போம். போன மாதம் ஒரு நூலகக் கூட்டத்தில் அதை ‘உயிரிணக்கத் தாங்குசட்டகம்’ என்று சொல்லித் தமிழில் பேசினேன். யாருக்கும் புரியவில்லை. இன்னொன்று, பன்றித் தோலிலிருந்து எடுத்த கொலாஜன் என்ற புரதத்தையும் பயன்படுத்துகிறோம். அம்மாவிடம் சொல்லவில்லை. தவறா?

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்தபோது மண்டையைத் தடவிக்கொண்டிருந்தேன். நிஜமாகவே. இரண்டரை ஆண்டுக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். மூன்று வாரம் கழித்துக் கால் இழுத்தது. மண்டைக்குள் இரத்தம் கட்டியிருக்கிறது என்று துளை போட்டு வடித்தார்கள். பிறகு அந்தத் துளையை வெள்ளை மூடி ஒன்றால் அடைத்தார்கள். குறுக்களவு 14 மில்லிமீட்டர், பாலிகாப்ரோலாக்டோன் என்ற கரையும் பாலிமர். உங்கள் கெண்ட் ரிட்ஜ் பொறியாளர்களும் மருத்துவர்களும் சேர்ந்து உண்டாக்கிய சரக்கு. ஏறக்குறைய இரண்டு ஆண்டில் அது கரைந்துவிடும், அந்த இடத்தில் எலும்பு வந்துவிடும் என்றார்கள். அதனால்தான் அடிக்கடி தடவிப் பார்க்கிறேன்.

பன்றி விஷயத்தை முதலிலேயே முடித்துவிடுகிறேன். பன்றியின் இதய வால்வோடும் மாட்டின் இதய உறையில் தைத்த வால்வோடும் எத்தனையோ பெரியவர்கள் கோயில் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், ‘உயிரிணக்கத் தாங்குசட்டகம்’! எந்தக் கட்டடத்திலம்மா இதைப் பார்த்தீர்கள்? ஸ்காஃபோல்டுக்குத் தமிழில் சாரம் என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் கட்டுமான வேலை செய்யும் எந்தத் தம்பியை நிறுத்திக் கேட்டாலும் சொல்லியிருப்பார். நீங்கள் அகராதியைக் கேட்டிருக்கிறீர்கள். கூட்டத்தில் கொட்டாவி விட்டவர்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை.

என் அப்பா சாரம் கட்டியவர். 1960களின் கடைசியில் தோ பாயோவில் வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். பாக்காவ் மரக்கம்புகளைக் கயிற்றால் பிணைத்து ஏறுவார். நான் ஒருமுறை, “உங்க சாரம்தான் கட்டடத்தைத் தாங்குதாப்பா?” என்று கேட்டுவிட்டேன். அடிக்காத குறை. “சாரம் ஆளைத் தாங்கும்டா. முட்டுதான் கட்டடத்தைத் தாங்கும். ரெண்டையும் குழப்புறவன் சைட்டுக்குள்ள வரக்கூடாது.”

அவர் சொன்னது உங்கள் துறைக்கு அப்படியே பொருந்துகிறது. உயிரணுக்கள் கொத்தனார்கள். அவர்கள் நின்று வேலை செய்ய இடம் வேண்டும். என் மூடியில் இழைகளை 0, 60, 120 டிகிரியில் அடுக்கடுக்காகப் போட்டுத் தேன்கூடு மாதிரி துளை விட்டிருப்பது அதற்காகத்தான். அது சாரம். ஆனால் தாடையிலோ தொடையிலோ வைத்தால் எலும்பு இறுகும்வரை அதே பொருள் பாரத்தையும் சுமக்க வேண்டும். அப்போது அது முட்டு. இந்த இரண்டு வேலையையும் ஒரே சொல்லில் அடைத்தது ஆங்கிலத்தின் சோம்பல். நம்மிடம் இரண்டு சொல் இருக்கிறது. இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதாக ஒன்றைச் செய்திருக்கிறீர்கள்.

முட்டுகளைப் பிரிக்கிற நாள் இன்னொரு தலைவலி. ஒரு கடைவீட்டு வேலையில் கான்கிரீட் இறுக 21 நாள் பொறுக்கச் சொன்னார் அப்பா. மேஸ்திரி பலகை அடுத்த சைட்டுக்கு வேண்டும் என்று பத்தாம் நாளே பிரித்தார். உத்தரம் நடுவில் வயிறு தள்ளிவிட்டது. யாருக்கும் அடிபடவில்லை, ஆனால் மொத்தத்தையும் உடைத்து மறுபடி போட்டார்கள். அப்பாவுக்கு அந்த வாரக் கூலி வரவில்லை. அம்மா ஒரு மாதம் அந்த மேஸ்திரியைத் திட்டினாள்.

இதயக் குழாய் அடைக்காமல் விரித்து வைக்கும் கரையும் வலைக்குழாய், அதாவது ஸ்டென்ட், ‘அப்சார்ப்’ என்று ஒன்று வந்தது, அதன் கதையும் எனக்கு இப்படித்தான் படுகிறது. மூன்று ஆண்டில் கரைய வேண்டிய பாலிலாக்டைடு என்ற பாலிமர். உலோக ஸ்டென்டைவிட அதில் இரத்தக்கட்டு அதிகம் என்று தெரிந்து 2017இல் விற்பனையை நிறுத்தினார்கள். பல காரணம் சொல்கிறார்கள். தடித்த கம்பிகள் ஒன்று. குழாய்ச் சுவருக்குள் புதையாத துண்டுகள் பாதி கரைந்த நிலையில் இரத்த ஓட்டத்துக்குள் சரிந்தது இன்னொன்று. கரையும் பொருள் செய்வது பெரிய காரியமில்லை அம்மா. பழைய அறுவைச் சிகிச்சைக்காரர்கள் ஆட்டுக்குடல் நூலில் தைத்தார்கள், அதுவும் கரைந்தது. கொத்தனார் சுவரை முடிக்கிற வேகத்துக்குச் சாரம் கரைய வேண்டும், அதுதான் பாடு. என் மண்டையோடு பெரிதாக எதையும் சுமப்பதில்லை, அதனால் தப்பித்தேன். (சுமப்பதில்லை என்பதை என் மனைவி முன்பே சொல்லியிருக்கிறாள்.)

வேலையை விடலாமா என்று கேட்டிருந்தீர்கள், இல்லையா? மூன்று முறை செத்தது என்று கண்ணீர் விட்டு எழுதியிருக்கிறீர்கள், எங்கே செத்தது என்று எழுதவில்லை. ஓரத்திலா, நடுவிலா? இரத்தக் குழாயிலிருந்து ஒன்றிரண்டு தலைமுடிக் கனம் தள்ளிப் போனாலே உயிரணுவுக்கு மூச்சு முட்டும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். நடுவில் செத்திருந்தால் கொத்தனார்கள் நல்லவர்கள், மேல்மாடிக்குத் தண்ணீரும் சாப்பாடும் போகவில்லை. ஓரத்திலும் செத்திருந்தால் சாரத்திலேயே ஏதோ கோளாறு. வெட்டிப் பார்த்தீர்களா? பார்த்துவிட்டு எழுதுங்கள். வங்கி வேலையைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.