காம்பஸ் மட்டமா, கட்டுரை மட்டமா?

அன்புள்ள சார்,

காந்தம் பற்றிய கட்டுரையில், "இரும்பில் ஒவ்வொரு அணுவும் ஒரு குட்டிக் காந்தம், பக்கத்தில் இருப்பதை இழுத்துத் திருப்பிக்கொள்வதால் எல்லாம் ஒரே திசை பார்க்கின்றன" என்று எழுதியிருந்தீர்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று பதினாறு சின்ன காம்பஸ்களை மேஜையில் நாலுக்கு நாலாக நெருக்கி வைத்தேன். ஓரத்து முட்கள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வட்டமாகச் சுற்றி நின்றன. நடுவில் இருந்தவை எதிரும் புதிருமாக. பிள்ளைகள் சிரிக்கிறார்கள். காம்பஸ் மட்டமா, கட்டுரை மட்டமா?

கோத்தகிரியிலிருந்து ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

கட்டுரைதான் மட்டம். எழுதும்போதே உறுத்தியது, படிக்க நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

உங்கள் காம்பஸ்கள் செய்ததுதான் சரி. இரண்டு காந்தங்கள் தலைக்கு வாலாக ஒரே கோட்டில் இருந்தால் ஒரே திசை பார்க்கும், அதுதான் அவற்றுக்கு ரொம்பப் பிடித்த நிலை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எதிரெதிர் திசை பார்க்கும், ஆனால் இந்தப் பிடிப்பு முதலில் சொன்னதில் பாதிதான். ஆக ஒரே விசை, எங்கே நிற்கிறாய் என்பதைப் பொறுத்து "என்னைப் போல நில்" என்றும் சொல்லும், "எனக்கு எதிராக நில்" என்றும் சொல்லும். இதை வைத்து ஒரு படிகத்தில் எல்லா அணுக்களையும் ஒரே திசையில் நிறுத்துவது லேசில்லை. 1946-இல் லட்டிங்கர், டிஸ்ஸா என்ற இரண்டு இயற்பியலாளர்கள் இதைக் கணக்குப் போட்டே பார்த்தார்கள்: சாதாரணக் கனசதுர அடுக்கில் வரிசைகள் எதிரெதிராகத்தான் நிற்கின்றன. முகங்களின் மையத்திலும் அணு இருக்கிற அடுக்கு என்றால் ஒரே திசை சாத்தியம், அதுவும் படிகம் ஊசி மாதிரி நீளமாக இருந்தால்.

அப்புறம் பலம். இரும்பில் பக்கத்துப் பக்கத்து அணுக்களுக்கு இடையே உள்ள இந்த இருமுனை விசையை (காந்தத்துக்குக் காந்தம் இருக்கும் விசைக்கு அதுதான் பெயர்) வெப்பநிலையாக மாற்றி, எவ்வளவு சூடு அதைக் கலைத்துவிடும் என்று சொன்னால், ஒரு கெல்வின்கூடத் தேறாது. ஜனவரி விடியலில் ஊட்டி பக்கத்துத் தலைக்குந்தாவில் புல்லெல்லாம் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும்போதும் அங்கே 273 கெல்வின், அதாவது பூஜ்ஜியம் டிகிரி செல்சியஸ், இருக்கிறது. அந்தச் சூட்டில் இந்த விசை எங்கே நிற்கும்?

ஆனால் இரும்பு நிற்கிறதே. குன்னூரில் கவாத்துக் கத்தி அடிக்கும் பட்டறையில் ஒருமுறை பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கம்பியில் கட்டிக் கொண்டுபோனேன். அடுப்பிலிருந்து எடுத்த கத்தி செக்கச்செவேல் என்று இருந்தபோது பக்கத்தில் காட்டினால் காந்தம் கண்டுகொள்ளவே இல்லை, கம்பி நேராகத் தொங்கியது. சிவப்பு மங்கி இருண்டு வரும் நேரத்தில் திடீரென்று கம்பி சாய்ந்து, டக் என்று போய் ஒட்டியது. பட்டறைக்காரர் இதற்கெல்லாம் ஆச்சரியப்படவில்லை, "சூடு போனா ஒட்டும்" என்றார். சுத்த இரும்புக்கு அந்த எல்லை 770 டிகிரி செல்சியஸ். எஃகில் படிக அமைப்பு மாறுவதும் சேர்ந்துகொள்வதால் கொஞ்சம் கீழே.

அத்தனை சூடு வரை அணுக்களைப் பிடித்து வைக்கும் விசை எது? 1907-இல் வைஸ் என்ற இயற்பியலாளர் இரும்புக்குள் ஒரு உள்காந்தப் புலம் இருப்பதாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார். அது ஆயிரம் டெஸ்லா (காந்தப் புலத்தை அளக்கும் அலகு) அளவில் தேவைப்பட்டது. இருமுனை விசை தருவது ஒரு டெஸ்லா சுமாருக்கு, ஸ்கேன் சென்டரில் எம்ஆர்ஐ மெஷினில் இருப்பதைவிடக் குறைவு. விடை 1928-இல் இயற்பியலாளர் ஹைசன்பர்க்கிடமிருந்து வந்தது. எலக்ட்ரான்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய முடியாதவை என்ற குவாண்டம் விதியும் அவற்றின் மின்விலக்கமும் சேர்ந்துதான் ஸ்பின்களை, அதாவது எலக்ட்ரான்களைக் குட்டிக் காந்தங்களாக்கும் குணத்தை, ஒரே திசையில் பூட்டுகின்றன. பரிமாற்ற இடைவினை என்று பெயர். காந்தத்தை உண்டாக்குவது மின்விசை என்பது எனக்கு இன்றைக்கும் முழுசாகச் செரிக்கவில்லை, அது வேறு விஷயம்.

சரி, அப்படியானால் இருமுனை விசை சும்மா கிடக்கிறதா? இல்லை. பரிமாற்றம் ஓரிரு அணுத் தூரத்திலேயே தீர்ந்துபோகும். இருமுனை விசை தூரத்தின் மும்மடியில் குறைகிறது, ஆனால் அந்தத் தூரத்துக்குள் வரும் அணுக்களின் எண்ணிக்கையும் மும்மடியில் கூடுகிறது. அதனால் தள்ளி இருக்கும் கோடானுகோடி அணுக்களின் பேச்சையும் கேட்டாக வேண்டும். இதனால்தான் கத்தி முழுக்க ஒரே காந்தமாக இல்லாமல் டொமைன்களாக, அதாவது தனித்தனித் திசை பார்க்கும் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரிந்து, திசைகள் ஒன்றையொன்று அடைத்துக்கொள்கின்றன. புதுக் கத்தி ஆணியை இழுக்காததும் அதனால்தான். மாங்கனீஸ் ஃபுளோரைடு என்ற படிகத்தில் ஸ்பின்களை எதிரெதிராக நிறுத்துவது பரிமாற்றம், எந்த அச்சில் நிற்க வேண்டும் என்று பெரும்பாலும் முடிவு செய்வது இருமுனை விசை.

அதுவே ராஜாவாக இருக்கும் படிகங்களும் உண்டு. லித்தியம் ஹோல்மியம் ஃபுளோரைடில் காந்தத்தைச் சுமக்கும் எலக்ட்ரான்கள் அணுவுக்குள் ஆழத்தில் பதுங்கியிருப்பதால் பரிமாற்றம் மிகச் சொற்பம், ஹோல்மியமோ பெரிய காந்தம். சுமார் 1.5 கெல்வினுக்குக் கீழே அது இருமுனை விசையை நம்பியே, இரும்பு மாதிரி ஸ்பின்கள் ஒரே திசை பார்க்கும் ஃபெர்ரோ காந்தம் ஆகிறது. நான் எழுதிய வாக்கியம் பொருந்தும் இடம் இதுதான்.

பிள்ளைகளிடம் ஒன்று செய்து பாருங்கள். ஒரு வரிசைக் காம்பஸ்களின் இடுக்கில் அடுத்த வரிசை உட்காரும்படி, தேனடை மாதிரி நெருக்கி வையுங்கள். எல்லையில்லாத அப்படியொரு தளத்தில், முட்கள் எல்லாம் ஒரே திசை பார்ப்பதுதான் குறைந்த ஆற்றல் என்கிறது கணக்கு. பதினாறு காம்பஸ் போதாது, ஓரத்து முட்கள் மறுபடி சுற்றத்தான் பார்க்கும். பக்கத்து வகுப்பிலும் கடன் கேளுங்கள்.