எலும்புக்குப் பரவிய புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் கொடுக்கலாமா? அப்பா அதற்கு அடிமையாகிவிடுவாரா?

கொடுக்கலாம். ப்ராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) புற்றுநோய் அப்பாவின் முதுகெலும்புக்குப் பரவிவிட்டது, டாக்டர் மார்ஃபின் (அபினிலிருந்து எடுக்கும் கடுமையான வலி மருந்து) எழுதியிருக்கிறார், சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சீட்டு இன்னும் உங்கள் பையில்தான் கிடக்கும் என்று நினைக்கிறேன்.

"நெட்டில் வைத்தியம் பார்க்காதே" என்று கீழே எழுத வருபவர்களுக்கு: நான் டாக்டர் இல்லை. டாக்டர் எழுதியதைக் கொடுக்கச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

என் மாமனாருக்கும் இதே நோய். இடுப்பெலும்பு, முதுகெலும்பு இரண்டிலும் பரவி, படுக்கையில் புரள முடியாது. ராத்திரியானால் தெருமுனை கம்பவுண்டர் வந்து டைக்ளோஃபெனாக் என்ற வலி ஊசி போடுவார். சிறுநீரகம் பாதிக்கப்படுவதைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறியதும் புற்றுநோய் டாக்டர் சத்தம் போட்டு அதை நிறுத்தி, வலி நிவாரணப் பிரிவுக்கு அனுப்பினார். அங்கேதான் மார்ஃபின் 10 மில்லிகிராம் மாத்திரை தொடங்கியது.

அன்று சாயங்காலமே நாத்தனார் போனில், "அப்பாவை மயக்கத்துலயே போட்டுடப் பாக்குறீங்களா அண்ணி?" என்றாள். பெற்ற மகள், பயந்துதான் கேட்டிருப்பாள். ஆனால் ராத்திரி முழுக்க அவர் முனகுவதைப் பக்கத்திலிருந்து கேட்டவள் நான்.

காலை 6, 10, மதியம் 2, சாயங்காலம் 6, ராத்திரி 10. கடைசி வேளைக்கு மட்டும் இரண்டு மாத்திரை, நடுராத்திரியில் எழுப்ப வேண்டாம் என்பதற்காக. வலிக்கிறதா என்று கேட்டுக் கொடுப்பதில்லை, அலாரம் அடித்தால் கொடுப்பது. நடுவில் வலி குத்தினால் டாக்டர் சொன்னபடி கூடுதலாக ஒன்று, நேரத்தை நோட்டில் எழுதிவிடுவேன். முதல் ஓரிரு நாள் தூங்கி வழிந்தார். அப்புறம் தெளிந்து எழுந்து உட்கார்ந்து, சாம்பாரில் உப்பே இல்லை என்று என்னோடு சண்டைக்கு வந்தார். மயக்கத்தில் இருக்கிற மனுஷனா உப்பு பார்ப்பார்?

டாக்டர் சொன்ன அளவில் வலிக்காகச் சாப்பிடுபவர்களுக்குப் போதைப் பழக்கம் வருவது அபூர்வம். உடம்பு மருந்துக்குப் பழகும், அதனால் திடீரென்று நிறுத்தக் கூடாது. நிச்சயமாக வருவது மலச்சிக்கல்தான். மார்ஃபின் தொடங்கும் அன்றே மலமிளக்கியும் கேட்டு வாங்குங்கள்.

மாத்திரையோடு கதிர்வீச்சும் கொடுத்தார்கள், கரண்டு வைப்பது என்பார்களே, அதுதான். வலிக்கிற இடத்துக்கு 8 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), ஒரே தடவை. முதல் சில நாள் வலி கூடவும் செய்யலாம், முழுப் பலன் தெரிய வாரங்கள் ஆகும். "கரண்டு வச்சும் குறையலையே" என்று உடனே சலித்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று, தயவுசெய்து முதுகை அழுத்தி நீவி விட யாரையும் விடாதீர்கள். புற்றுநோயால் பலமிழந்த எலும்பு முறிந்துவிடலாம். கால் பலமிழந்தாலோ, மரத்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ முதுகுத்தண்டு நரம்பு நசுங்குவதாக இருக்கலாம். அன்றைக்கே, ராத்திரியானாலும், ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். தாமதித்தால் போன நடை திரும்பாமலே போகலாம். தாகம் அதிகமாகி, பேச்சு குழம்பினால் ரத்தத்தில் கால்சியம் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் மார்ஃபின் தலையில் போட்டுவிடுவார்கள்.

சாதாரண மெடிக்கலில் மார்ஃபின் பெரும்பாலும் கிடைக்காது. 2014இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்திய பிறகு, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் அதை வைத்திருப்பது எளிதாகியிருக்கிறது. எழுதிக் கொடுத்த இடத்திலேயே கேளுங்கள்.

கேட்டதற்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். இந்த நிலைமையில் பென்ஷனுக்கு உயிரோடு இருக்கிறார் என்று காட்ட, ஆளை நேரில் கூட்டி வரச் சொன்னது ஒரு வங்கி. டாக்டர் சீட்டைக் காட்டினேன், "ஆட்டோ வாசல் வரைக்கும் வருமே மேடம்" என்றார்கள். மேடு பள்ளத்தில் ஆட்டோ ஒவ்வொரு முறை குலுங்கியபோதும் அவர் என் கையைப் பிடித்த பிடி! கைரேகை தேய்ந்துபோயிருந்ததால் மெஷினும் எடுக்கவில்லை. இன்னும் எரிகிறது எனக்கு.

சரி, உங்கள் அப்பாவுக்கு எலும்பைப் பலப்படுத்தும் ஜோலெட்ரானிக் ஆசிட் ட்ரிப் போடுவதாக இருந்தால், முதலில் பல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். ஆடுகிற பல்லைப் பிடுங்குவதென்றால் அதற்கு முன்னாலேயே பிடுங்கிவிட வேண்டும், பின்னால் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம்.