மகள் வேலையை விட்டுத் தொழில் தொடங்கப் போகிறாள்: கவலைப்படும் ஒரு அம்மாவுக்குப் பதில்

வணக்கம் அம்மா,

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்றை நேராகவே கேட்டிருக்கிறீர்கள். ஒரு நிறுவனத்தின் சர்வீஸ் பிரிவில் வேலை பார்க்கும் மகள் அதை விட்டுவிட்டு, லேப்டாப் பழுதுபார்க்கும் தொழிலைச் சொந்தமாகத் தொடங்கப் போகிறேன் என்கிறாள். தடுப்பதா, தட்டிக்கொடுப்பதா? இன்னொரு கேள்வி கடைசியில் ஒரே வரியாக வருகிறது: "பகல்ல தைரியமாத்தான் பேசுறா. ராத்திரி வந்து, என்னால முடியுமாம்மான்னு அவளே கேக்கிறா." எனக்கு இந்த வரிதான் முக்கியமாகப் பட்டது.

தடுக்க வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு சரி என்று சொல்லவும் வேண்டாம். இந்த மாதிரி வீடுகளில் பேச்சு பெரும்பாலும் "என்மேல உங்களுக்கு நம்பிக்கை இல்லையா?" என்பதில் போய் முட்டி நின்றுவிடும். பெற்றவர்கள் இல்லை என்று சொல்ல முடியாது, ஆமாம் என்று சொல்லவும் பயம். அந்தக் கேள்வியை இருவருமாக ஒதுக்கி வையுங்கள். எவ்வளவு பணம் வரை போகலாம், எந்தத் தேதியில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பது, அன்றைக்கு எது இருந்தால் தொடர்வது, எது இல்லாவிட்டால் நிறுத்துவது என்று பேசுங்கள். இதற்கு யாரும் யாரையும் நம்ப வேண்டிய அவசியமே இல்லை. ஒரு தாளும் பேனாவும் போதும்.

உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறை பல ஆண்டுகளாகத் திரட்டிவரும் கணக்கின்படி, புதிதாகத் தொடங்கும் நிறுவனங்களில் ஏறத்தாழ 20 சதவீதம் முதல் ஆண்டிலேயே மூடப்படுகின்றன. 5 ஆண்டு முடிவில் ஏறக்குறைய பாதிதான் மிஞ்சுகின்றன. இதை மகளிடம் மறைக்கவும் வேண்டாம், மிரட்டவும் வேண்டாம். ஆனால் தொழில் மூடப்படுவது வேறு, குடும்பம் நொடிந்துபோவது வேறு. பழுதுபார்க்கும் மேஜை, சால்டரிங் கருவி, மல்டிமீட்டர், கொஞ்சம் உதிரிபாகம் என்று தொடங்கி ஓராண்டில் மூடினால், போவது ஓராண்டுச் சேமிப்பு. அதே தொழிலை வீட்டை அடமானம் வைத்து, அப்பாவின் ஜாமீன் கையெழுத்தோடு தொடங்கி மூடினால், கடை பூட்டிய பிறகும் கடன் வீட்டுக்குள் இருக்கும். பெரும்பாலும் குடும்பத்தை உடைப்பது இந்த இரண்டாவது வகை.

சரஸ் சரஸ்வதி என்ற பேராசிரியர், அனுபவமுள்ள தொழில்முனைவோர் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று ஆராய்ந்து 2001-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். எவ்வளவு லாபம் வரும் என்று கணக்குப் போட்டுவிட்டு அவர்கள் இறங்குவதில்லை, எவ்வளவு போனால் தாங்க முடியும் என்று முதலில் பார்க்கிறார்கள் என்பது அவர் கண்டவற்றில் ஒன்று. உங்கள் வீட்டுத் தாளின் முதல் வரி அந்தத் தொகையாக இருக்கட்டும். அதை மகளே எழுதட்டும். அவள் சேமிப்பிலிருந்து எவ்வளவு, நீங்கள் தருவதாக இருந்தால் எவ்வளவு, தொடவே கூடாத பணம் எது. உங்கள் கணவரின் ஓய்வுக்காலப் பணமும் தம்பியின் படிப்புப் பணமும் அந்தக் கடைசிப் பட்டியலில் இருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன்.

வேலையை உடனே விட வேண்டுமா? வேண்டாம். 2014-ல் ராஃபி, ஃபெங் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், வேலையில் இருந்துகொண்டே தொழிலைத் தொடங்கிப் பிறகு முழுநேரமாக மாறியவர்கள், எடுத்த எடுப்பில் வேலையை விட்டவர்களைவிடத் தோற்றுப்போகும் வாய்ப்பு 33 சதவீதம் குறைவாக இருந்தது. நைக்கி நிறுவனத்தைத் தொடங்கிய ஃபில் நைட்கூட ஷூ விற்க ஆரம்பித்த பிறகும் சில ஆண்டுகள் கணக்காளராகச் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்தான். "ஒரு கால் அங்க, ஒரு கால் இங்கன்னு நின்னா உருப்படாது" என்று சொல்பவர்கள் எல்லா வீட்டிலும் இருப்பார்கள். அவர்கள் வாடகை கட்டப்போவதில்லை. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: இப்போதைய வேலையின் ஒப்பந்தத்தில் வெளிவேலை செய்யக் கூடாது என்று விதி இருக்கலாம். அவள் வேலையும் அதே துறை என்பதால் முதலில் அதைப் படிக்கச் சொல்லுங்கள். நிறுவனத்தின் வாடிக்கையாளரைத் தன் பக்கம் இழுப்பது வம்பில் முடியும்.

இனி ராத்திரிக் கேள்விக்கு வருவோம்.

"என்னால முடியுமா" என்பதில் இரண்டு சந்தேகங்கள் கலந்திருக்கும். ஒன்று வேலையைப் பற்றியது: மதர்போர்டு பழுதை நானே கண்டுபிடிக்க முடியுமா, மாதம் எத்தனை மெஷின் வரும், உதிரிபாகம் தாமதமானால் என்ன செய்வது? இது நல்ல சந்தேகம், இதற்குப் பதில் தேட முடியும். மற்றது தன்னைப் பற்றியது: நான் யார் இதையெல்லாம் செய்ய, எனக்கு ஒன்றும் தெரியாது என்று ஒருநாள் எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள். 1978-ல் பாலின் கிளான்ஸ், சூசேன் ஐம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் இந்த இரண்டாவது உணர்வைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் பார்த்தது படிப்பிலும் வேலையிலும் உண்மையிலேயே சாதித்த பெண்களை. சான்றிதழ், பாராட்டு எது வந்தாலும் ஏதோ அதிர்ஷ்டம் என்றே அவர்கள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். திறமை இல்லாததால்தான் சந்தேகம் வருகிறது என்று நீங்களும் எடுத்துக்கொள்ள வேண்டாம், அவளும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சந்தேகமே இல்லாமல் இருப்பதும் நல்லதில்லை. 1988-ல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவில் அப்போதுதான் தொழில் தொடங்கியிருந்த 2,994 பேரிடம் வெற்றி வாய்ப்பு பத்துக்கு எவ்வளவு என்று கேட்டார்கள். 81 சதவீதம் பேர் 7 அல்லது அதற்கு மேல் போட்டுக்கொண்டார்கள். மூன்றில் ஒருவர் பத்துக்குப் பத்து! மேலே சொன்ன மூடுவிழாக் கணக்கை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ராத்திரி எழுந்து வந்து கேட்கிற பெண் எனக்குக் கொஞ்சம் தெம்பாகவே தெரிகிறாள்.

அவள் கேட்கும்போது நீங்கள் என்ன சொல்லலாம்? "உன்னால முடியும்டா" என்று சொல்வதில் தப்பில்லை, ஆனால் அது ரொம்ப நேரம் தாங்காது. தன்னால் முடியும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்த ஆல்பர்ட் பண்டுரா 1977-லேயே எழுதிவிட்டார்: தானே செய்து முடித்த அனுபவம்தான் அதற்குப் பலமான ஊற்று, பிறர் சொல்லும் ஊக்க வார்த்தை அதைவிட வலுக்குறைந்தது. அதனால் பேச்சை வேலையின் பக்கம் திருப்புங்கள். "எந்த வேலையை நினைச்சா பயமா இருக்கு?" என்று கேளுங்கள். "சிப் லெவல் வேலை" (போர்டில் உள்ள சின்னச் சின்ன சிப்புகளையே பழுதுபார்ப்பது) என்று அவள் சொன்னால், அது பயிற்சிக்குப் போக வேண்டிய விஷயம், இல்லாவிட்டால் ஆறு மாதத்துக்கு அந்த வேலையை எடுக்காமல் வேறு கடைக்கு அனுப்ப வேண்டிய விஷயம். இரண்டுமே செய்யக்கூடியவை.

ஒரு நோட்டுப் போடச் சொல்லுங்கள். வந்த மெஷின், சொன்ன குறை, உண்மையில் இருந்த குறை, ஆன நேரம், போட்ட பாகம், வாங்கிய காசு, திரும்பி வந்ததா இல்லையா. கடைசிக் கட்டம்தான் முக்கியம். இருபது முப்பது வேலை ஆனதும் அதைப் புரட்டினால், கீல் உடைந்தது, சார்ஜிங் போர்ட் ஆடியது, கீபோர்டில் தண்ணீர் கொட்டியது என்று எதில் கை தேறியிருக்கிறது, எதில் திரும்பத் திரும்ப அடிவாங்குகிறது என்பது அவள் கையெழுத்திலேயே இருக்கும். மனசு ராத்திரி வேறு கதை சொன்னாலும் நோட்டு மாற்றிச் சொல்லாது.

சுயசந்தேகம் அழுகையாக வெளிவரும் என்று நினைக்கிறோம். தொழிலில் அது பெரும்பாலும் பில்லில்தான் வெளிவரும். மூன்று மணி நேர வேலைக்கு ஒரு மணி நேரக் காசு கேட்பாள். "பாகத்துக்கு மட்டும் குடுங்க, போதும்" என்பாள். முன்பணம் கேட்கக் கூச்சப்பட்டு, தன் காசில் ஸ்கிரீன் வாங்கி மாட்டிவைப்பாள். ஆள் வரமாட்டார், மெஷின் அலமாரியில் மாதக்கணக்கில் கிடக்கும். ஒரு ஸ்கிரீன் மாற்றிக் கொடுத்த மறுநாளே "நீங்க தொட்டதுக்கு அப்புறம்தான் ஸ்பீக்கர் வேலை செய்யல" என்று ஒருவர் வந்து நிற்பார். தன்மேல் சந்தேகம் உள்ளவள் அங்கேயே ஒடுங்கி ஸ்பீக்கரையும் இலவசமாக மாற்றித் தருவாள். இதற்கு மருந்து தைரியப் பேச்சில் இல்லை. மெஷினை வாங்கும்போதே ஸ்பீக்கர், கேமரா, வைஃபை, கீறல் எல்லாவற்றையும் வாடிக்கையாளர் முன்னாலேயே பார்த்து ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவது, ஃபைல்களை நகல் எடுத்து வைத்திருக்கிறாரா என்று கேட்டு அதையும் எழுதுவது, பாகத்துக்கு முன்பணம், எந்தப் பாகத்துக்கு எத்தனை நாள் உத்தரவாதம், எத்தனை நாளுக்குள் மெஷினை எடுத்துப் போக வேண்டும் என்று அச்சடித்து வைப்பது. சீட்டில் அச்சாகியிருந்தால் அவள் வாய்திறந்து கேட்க வேண்டியதில்லை, சீட்டே கேட்டுவிடும்.

இந்த இடத்தில் குடும்பம் செய்யக்கூடிய பெரிய உதவி ஒன்று உண்டு. சொந்தக்காரர்களின் பழைய லேப்டாப்புகள் இலவச ரிப்பேருக்கு வரிசையில் வரும். "நம்ம பொண்ணுதானே" என்று வாங்கி வைக்காதீர்கள். உங்கள் வீட்டு லேப்டாப்பைச் சரிசெய்தாலும் பில் போட்டுக் காசு கொடுங்கள். அம்மாவே காசு கொடுத்தாள் என்று தெரிந்தால் சித்தப்பா கேட்கத் தயங்குவார்.

ஆதரவு என்றால் பணமும் பாராட்டும் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். ஜேம்ஸ் ஹவுஸ் என்ற சமூகவியலாளர் 1981-ல் அதை நான்காகப் பிரித்தார்: மனசுக்குத் துணை, கையால் செய்யும் உதவி, தகவல், எப்படிப் போகிறது என்று நேர்மையாகச் சொல்லும் மதிப்பீடு. நம் வீடுகளில் மூன்றாவது வெள்ளமாக வரும், கேட்காமலே. முதலாவதும் இரண்டாவதும்தான் பற்றாக்குறை. வேலை நேரத்தில் யாரும் கூப்பிடாத ஒரு மூலை, அவள் வெளியே போயிருக்கும்போது வந்த மெஷினைச் சீட்டு எழுதி வாங்கிவைப்பது, இதெல்லாம் பெரிய உதவி. தினமும் சாப்பாட்டு நேரத்தில் "இன்னைக்கு எத்தனை வந்துச்சு?" என்று கேட்பது விசாரணையாகத்தான் அவள் காதில் விழும். மாதம் ஒருநாள் குறித்துக்கொள்ளுங்கள், அன்றைக்கு எல்லாம் கேளுங்கள், மற்ற நாளில் சாப்பிடுங்கள்.

உங்கள் கணவர் இதைப் பற்றிப் பேசவே மறுக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரைச் சம்மதிக்கவைக்க முயல வேண்டாம், பயப்படச் சொல்லி உட்காரவையுங்கள். கேரி கிளைன் என்ற உளவியலாளர் 2007-ல் எழுதிய ஒரு முறை இதற்குப் பொருந்தும். ஓராண்டு கழிந்துவிட்டது, தொழில் மூடப்பட்டுவிட்டது என்றே வைத்துக்கொண்டு, ஏன் மூடப்பட்டது என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுத வேண்டும். நம்பிக்கை இல்லாதவரின் தாள்தான் அங்கே அதிகம் உதவும். "வாடகை இடத்தைச் சீக்கிரம் எடுத்துவிட்டாள்", "கடனுக்கு வேலை செய்தாள்", "உடம்பு கெட்டது" என்று அவர் எழுதினால், ஒவ்வொன்றுக்கும் எதிரே என்ன முன்னேற்பாடு என்று மகள் எழுதட்டும். எழுத முடியாமல் நிற்கும் வரிகளில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. வழக்கமாக ஒன்றிரண்டுதான் அப்படி நிற்கும்.

பணம் கொடுப்பதாக இருந்தால் அது கடனா, அன்பளிப்பா, பங்கா என்று எழுதிக் கொடுங்கள். அமேசானைத் தொடங்கியபோது ஜெஃப் பெசோஸ், பணம் போட்டவர்களிடம் இது தோற்றுப்போகும் வாய்ப்பு 70 சதவீதம் என்று முன்னாலேயே சொன்னார். 1995-ல் அவருடைய பெற்றோர் போட்டது ஏறத்தாழ 2,45,000 டாலர். அந்தப் பணம் பிற்பாடு என்ன ஆனது என்பது ஊரறிந்த கதை, அதை விடுங்கள். வென்றவர்களின் பேட்டிதான் அச்சில் வரும், வீட்டை இழந்தவர்களை யாரும் பேட்டி எடுப்பதில்லை. திரும்ப வராது என்று தெரிந்தே கொடுக்கக்கூடிய தொகையை மட்டும் கொடுங்கள். வங்கிக் கடனுக்கு ஜாமீன் கேட்டால், முழுக்கடனையும் நாமே கட்ட நேரும் என்று வைத்துக்கொண்டு யோசியுங்கள். கட்ட முடியாதென்றால் கையெழுத்துப் போட வேண்டாம். அது மகள்மேல் உள்ள பாசக்குறைவு ஆகாது.

"இப்போ விட்டா வயசு போயிடும்" என்று அவள் அவசரப்படுகிறாள் போலிருக்கிறது. அமெரிக்காவில் மிக வேகமாக வளர்ந்த புதிய நிறுவனங்களை ஆராய்ந்து 2020-ல் வெளியான கட்டுரையில், அவற்றைத் தொடங்கியவர்களின் சராசரி வயது 45. இந்த முறை நிறுத்த நேர்ந்தாலும் அவளுக்கு நேரம் இருக்கிறது.

வேலையை எப்போது விடலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அவள் கேட்பாள். என் கணக்கு இது: உதிரிபாகச் செலவு, உத்தரவாதத்தில் திரும்பி வந்தவற்றின் செலவு எல்லாம் கழித்து, மாலையும் விடுமுறையும் மட்டும் உழைத்து, சம்பளத்தில் பாதியாவது தொடர்ந்து ஆறு மாதம் மிஞ்ச வேண்டும். அதில் பாதிக்கு மேல் நண்பர், சொந்தம் அல்லாத முன்பின் தெரியாதவர்களிடமிருந்து வந்ததாக இருக்க வேண்டும். கூடவே ஆறு மாத வீட்டுச்செலவு தனியாக வங்கியில் இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும், ராஜினாமாக் கடிதத்தை எழுதிவைக்கலாம், கொடுக்க வேண்டாம்.