உப்புக்கு எது கெட்டி?

அண்ணாச்சிக்கு வணக்கம்.

எனக்கு வீரவநல்லூர். வீட்டில் தறி. நான் கல்லூரியில் ஆய்வு மாணவன். பாலிமர் என்பது நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறு. பாலிமர் கரைசலுக்குள் சாய மூலக்கூறுகளும் குட்டைச் சங்கிலிகளும் எப்படி நகர்கின்றன என்று அளக்கிறேன். இதனால் யாருக்கு என்ன பயன் என்று வீட்டில் கேட்கிறார்கள். தமிழில் எழுதிய கட்டுரை ஒன்றை இணைத்திருக்கிறேன். 'கெட்டியான திரவத்தில் எல்லாமே மெதுவாகத்தான் நகரும் என்பது நாம் அறிந்ததே' என்று அது தொடங்குகிறது. கிண்டாமலே மூலக்கூறுகள் தாமாகப் பரவும் டிஃப்யூஷனை விரவல் என்பதா, பரவல் என்பதா? கலைச்சொல்லே நிலைக்காத துறையைத் தமிழில் எழுதுவது வீண்தானா?

வாசகன்,
வீரவநல்லூர்

அன்புள்ள தம்பி,

விரவல் என்றே எழுதுங்கள். பரவல் என்றாலும் குடி முழுகிவிடாது. பயன் பற்றிய கேள்வியை விடுங்கள், அளக்கிற வேலையைப் பாருங்கள். உங்கள் முதல் வரிதான் என்னை எழுத உட்கார வைத்தது.

இரண்டு மாதமாக அம்மாவுக்குக் கஞ்சிதான் ஆகாரம். நான்தான் ஊட்டுகிறேன். ஒரு கரண்டிக்கு "உப்பே போடலையாலே?" என்பாள். அடுத்த கரண்டிக்கு "கரிக்குலே" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கஞ்சி கெட்டி, அதனால் உப்பு நகர முடியவில்லை என்றுதான் நானும் நினைத்தேன். பிறகு ஒரு ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். அசையாத வெறும் தண்ணீரிலேயே, அறை வெப்பத்தில், உப்பு 1 மில்லிமீட்டர் விரவ 5 நிமிடத்துக்கு மேல் ஆகிறது. 1 சென்டிமீட்டருக்கு அதைப்போல் 10 மடங்கு அல்ல, 100 மடங்கு. ஏறக்குறைய 9 மணி நேரம். தண்ணீரில் உப்பு சட்டென்று கலப்பதற்கு விரவல் காரணமே இல்லை. சூட்டிலும் அசைவிலும் தண்ணீர் தானே சுழன்று உப்பைத் தூக்கிக்கொண்டு போகிறது. கஞ்சி தடுப்பது அந்தச் சுழற்சியைத்தான். கூழ்போல் உறைந்த ஒன்றுக்குள்ளும் உப்பு ஏறக்குறையத் தண்ணீரில் போலவே விரவுகிறது என்று வேதியியலாளர் தாமஸ் கிரஹாம் 1861-லேயே சொல்லிவிட்டார்.

இதைத் தினமும் கருவியில் பார்க்கிற நீங்களா 'எல்லாமே மெதுவாக' என்று எழுதுவது? யார் அறிந்தது, தம்பி? உங்கள் அளவைத் தாளே உங்களை மறுக்கிறதே!

சின்ன வயதில் கஞ்சியை ருசி பார்த்த கரண்டியை அப்படியே பானைக்குள் விட்டால் ஆச்சி கையில் அடிப்பாள். "எச்சக் கரண்டிய உள்ள விடாதல, கஞ்சி தண்ணியாப் போயிரும்." ஆசாரம் என்று நினைத்திருந்தேன். உண்மையாகவே நீர்த்துவிடும். எச்சிலில் இருக்கும் அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தின் நீண்ட சங்கிலிகளைத் தறித்துப் போடுகிறது. மாவின் அளவு குறையவில்லை, நீளம் மட்டுமே குறைந்தது. அதற்கே கரண்டிக்குக் கெட்டியாக இருந்தது தண்ணீராகிவிட்டது. ஆனால் உப்பின் வேகம் அதனால் பெரிதாக மாறுவதில்லை. கரண்டிக்குச் சங்கிலியின் நீளம் பெரிய விஷயம். உப்புக்கு, வழியில் எவ்வளவு மாவு கிடக்கிறது என்பதுதான் கணக்கு. நான் திரும்பத் திரும்ப இதையே சொல்வேன்: ஒரே கஞ்சி, கரண்டிக்கு ஒரு கெட்டி, உப்புக்கு வேறொரு கெட்டி.

உங்கள் குட்டைச் சங்கிலிகள் இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பவை. இடியாப்பத்தில் சொதி ஊற்றினால் இடுக்கெல்லாம் இறங்கிவிடும். நடுவிலிருந்து ஓர் இழையை உருவினால் நீளவாக்கில்தான் வரும், பக்கவாட்டில் அசையாது. நீண்ட சங்கிலிகள் இப்படிப் பாம்புபோல ஊர்கின்றன என்று பிரெஞ்சு இயற்பியலாளர் டி ஜென் 1971-இல் எழுதினார். 1991-இல் நோபல் பரிசு பெற்றார். அவர் கணக்கில் நீளம் இருமடங்கானால் விரவும் வேகம் கால்பங்கு. பின்னிக்கொள்ளாத குட்டைச் சங்கிலிக்கோ பாதிதான் குறையும். ஊர்வது எந்த நீளத்தில் தொடங்குகிறது? நான் படிக்க விரும்பும் கட்டுரை அது. அதை நான்காம் பக்கத்தில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள்.

கலைச்சொல் இல்லை என்று அழாதீர்கள். 'கெட்டி' நம் வீட்டுச் சொல். யாருக்குக் கெட்டி என்று கேட்காமல் எழுதிவிட்டீர்கள், அவ்வளவுதான். முதல் வரியை அடித்துவிட்டு, நான்காம் பக்கத்தை முன்னே கொண்டுவந்து மறுபடி அனுப்புங்கள். கட்டாயம் படிப்பேன்.

இப்போதெல்லாம் உப்பைச் சுடுதண்ணீரில் கரைத்து, கஞ்சி இறுகுமுன்பே ஊற்றிக் கிண்டிவிடுகிறேன். இன்று காலை அம்மா ஒன்றும் சொல்லாமல் முழுக் கிண்ணமும் குடித்தாள்.