வீட்டுக்கு வந்து நோயாளரைப் பார்க்கும் நிறுவனங்களுக்கு அரசுப் பதிவு எதற்கு?

காயத்துக்கு மருந்து கட்டுவது, இன்சுலின் ஏற்றுவது போன்றவற்றை வீட்டுக்கே வந்து செய்யும் சேவை இது. பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றோர் தனியே என்றிருக்கும் யாழ்ப்பாண வீடுகளுக்கு இது பெரிய உதவி.

ஆஸ்பத்திரி வாட்டில் பல கண்கள் பார்க்கும். வீட்டிலோ படுக்கையில் கிடப்பவரும் வந்தவரும் மட்டுமே. தவறு நடந்தால் சொல்லக்கூட ஆளில்லை. அதனால்தான் முன்கூட்டியே சரிபார்ப்பு தேவை.

இலங்கையில் தனியார் மருத்துவ நிறுவனங்களைப் பதிவு செய்ய 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பதிவை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். தாதியின் பதிவு வேறு, இரண்டையும் கேளுங்கள். மினிபஸ்ஸுக்கு வழித்தட அனுமதி இருந்தாலும் சாரதிக்குத் தனி அனுமதிப்பத்திரம் வேண்டும் அல்லவா?

பிரதேச செயலகத்தில் எடுத்த வியாபாரப் பெயர்ப் பதிவைச் சுகாதார அனுமதி என்று பலர் நம்பிவிடுகிறார்கள். அது தொழிலின் பெயரை மட்டுமே பதிகிறது, பராமரிப்பின் தரத்தை யாரும் சோதித்ததாக ஆகாது.