தொடர்பியல் துறை: வந்த கேள்விகளும் என் பதில்களும்

இதழியல், வானொலி, படம் எல்லாம் சொல்லிக்கொடுக்கும் ஒரு தொடர்பியல் துறையில் இருபது வருடத்துக்கு மேல் பாடம் நடத்தியவன் நான். துறையின் ஆண்டறிக்கை எழுதும் வேலையும் பெரும்பாலும் என் தலையில்தான் விழும். அதனால் வந்த கேள்விகளில் சில அறிக்கையைப் பற்றியே இருந்ததில் ஆச்சரியமில்லை.

அறிக்கையில் 'செயல்பாடுகள்' என்றும் 'சாதனைகள்' என்றும் இரண்டு தலைப்பு இருக்கிறதே சார், என்ன வித்தியாசம்? (முதலாண்டு மாணவி)

ஆவணப்படப் பயிலரங்கு நடத்தினால் அது செயல்பாடு. அந்தப் பயிலரங்குக்கு வந்த நாலு பேர் ஆறு மாதத்தில் ஒரு படத்தை முடித்து வெளியாட்களுக்குப் போட்டுக் காட்டினால் அது சாதனை. பல துறைகள் முதலாவதை எழுதிவிட்டு இரண்டாவது என்று நினைத்துக்கொள்கின்றன. மேடையில் வரிசையாக நின்று எடுத்த படத்தை வைத்து எதையும் சொல்ல முடியாதம்மா, படம் எடுத்தவருக்கு ஃபோகஸ் தெரியுமா என்பதைத் தவிர.

மாணவர் இதழை இன்னும் அச்சில் கொண்டுவர வேண்டுமா? சமூக ஊடகப் பக்கம் போதாதா?

அச்சா இணையமா என்பது இரண்டாவது பிரச்சினை. துறைக்கு வெளியே ஒரு வாசகர் இருக்கிறாரா, கெடு தேதி இருக்கிறதா? முதலில் இதைப் பாருங்கள். அமெரிக்காவில் மிசூரி பல்கலைக்கழகம் 1908இல் இதழியல் பள்ளி தொடங்கியபோது, வகுப்பு ஆரம்பித்த முதல் நாளே நாளிதழின் முதல் இதழும் வெளிவந்துவிட்டது. ஆசிரியர்கள் பத்திரிகை ஆசிரியர்களாகவும் மாணவர்கள் நிருபர்களாகவும் ஊருக்கே செய்தி கொடுக்கும் அந்த முறைக்கு 'மிசூரி முறை' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

மாணவர்கள் பயிற்சிக்காக நடத்தும் எங்கள் ஆய்வக இதழில் ஒருமுறை தலைப்பிலேயே ஒருவர் பெயர் தப்பாக அச்சாகிவிட்டது, முந்நூறு பிரதி. பிள்ளைகள் சரியான பெயரைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ராத்திரி முழுக்கப் பசை தடவி ஒட்டினார்கள். கடைசி நூறில் துண்டுகள் கோணலாகவே இருந்தன. ஆனால் மூன்று வருடம் 'பெயரைச் சரிபார்' என்று நான் கத்தியது ஏறாத மண்டையில் அந்த ஒரு ராத்திரியில் ஏறிவிட்டது. திருத்த பட்டன் உள்ள பக்கத்தில் இது நடக்காது.

ஆராய்ச்சி செய்ய நிதியும் இல்லை, பேட்டி காண நிறையப் பேரும் கிடைக்க மாட்டார்கள். என்ன செய்ய? (புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்)

1968 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது மெக்கோம்ப்ஸ், ஷா என்ற இரண்டு பேராசிரியர்கள், தாங்கள் வேலை பார்த்த சேப்பல் ஹில் ஊரிலேயே, யாருக்கு வாக்களிப்பது என்று முடிவு செய்யாத 100 வாக்காளர்களைப் பேட்டி கண்டார்கள். எது முக்கியப் பிரச்சினை என்று மக்கள் சொன்ன வரிசையையும் செய்தி ஊடகங்கள் கொடுத்த முக்கியத்துவத்தின் வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. 1972இல் கட்டுரையாக வந்தது, எது முக்கியம் என்று மக்கள் நினைப்பதை ஊடகம் வடிவமைக்கிறது என்னும் இந்த நிகழ்ச்சிநிரல் அமைத்தல் கோட்பாடு இல்லாத பாடத்திட்டமே இன்று இல்லை. நூறு பேரை நீங்களும் பேட்டி எடுக்கலாம், ஆனால் கேள்வி அந்த அளவுக்குக் கூர்மையாக இருக்க வேண்டும், அதற்குத்தான் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

எங்கள் துறையை ஒரு தடவை இலக்கியத்தோடு சேர்க்கிறார்கள், ஒரு தடவை சமூகவியலோடு. ஏன்?

பிறப்பே அப்படித்தான். இந்தத் துறையை நிறுவியவர்களில் ஒருவரான வில்பர் ஷ்ராம் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் படைப்பிலக்கியப் பட்டறையை நடத்திவிட்டு இதழியல் பக்கம் வந்தவர். இன்னொருவரான பால் லாசர்ஸ்ஃபெல்டோ கணிதம் படித்துவிட்டுச் சமூகவியலுக்குப் போனவர். விடுங்கள், எந்தக் கட்டடத்தில் அறை கொடுத்தாலும் பூட்டுச் சாவி உங்களிடம் இருந்தால் சரி.

வளாக வானொலிக்குப் பதிவு செய்கிறோம், குரல் கிணற்றுக்குள் இருந்து வருவது போல இருக்கிறது.

அறை எதிரொலிக்கிறது. கெட்டியான போர்வையைப் பேசுபவருக்குப் பின்னால் தொங்கவிடுங்கள், விசிறியை நிறுத்துங்கள். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் இருக்கட்டும், நேரே வைத்தால் ஒவ்வொரு 'ப'வுக்கும் காற்று அடிக்கும். அப்புறம், பேட்டி முடிந்ததும் யாரும் எழுந்திருக்காமல் அரை நிமிடம் வெறும் அறையைப் பதிவு செய்யுங்கள். எடிட்டிங்கில் வெட்டிய இடங்களை ஒட்ட அந்த மௌனம்தான் கைகொடுக்கும்.

விருது எதுவும் வாங்கவில்லை. சாதனைப் பகுதியில் என்ன எழுதுவது?

எத்தனை இதழ் கெடு தேதிக்குள் வந்தது, எத்தனை மணி நேர ஒலிபரப்பு, எத்தனை திருத்தம் வெளியிட்டீர்கள் என்று எழுதுங்கள். ஆமாம், திருத்தமும்தான். 'பல்வேறு', 'சிறப்பாக' இரண்டையும் அடித்துவிட்டு மிச்சம் என்ன நிற்கிறது என்று பாருங்கள். என் முதல் அறிக்கையில் முக்கால் பக்கம்தான் நின்றது.

கொஞ்சம் பணம் வந்திருக்கிறது. புது கேமரா வாங்கலாமா?

இருக்கிற கேமராவுக்கு நல்ல மைக்கும் ஹெட்போனும் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். கூடவே, யார் எதை எப்போது எடுத்துப்போனார் என்று எழுத ஒரு நோட்டு. எங்கள் அலமாரியில் ஐந்து ட்ரைபாட் இருந்தது, கேமராவை மாட்டும் பிளேட் ஒன்றே ஒன்று. அதுவும் ஒரு மாணவன் பையில் விடுமுறைக்குப் போய்விட்டது. பிளேட்டை இரண்டு கூடுதலாக வாங்கிவையுங்கள்.