பெயிண்ட் வாசனை போய்விட்டதா? மாடல் கார் கேள்வி பதில்

பிளாஸ்டிக் கிட் வாங்கி, ஒட்டி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துக் கார் கட்டும் வேலையை முப்பது வருடமாகச் செய்து வருகிறேன். சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சொன்னதற்கு நிறையவே வந்துவிட்டன. பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

திருச்சி: சார், முதல் கிட் வாங்கப் போகிறேன். 1/24, 1/25 இரண்டும் ஒன்றுதானா?

பக்கத்தில் பக்கத்தில் வைக்காதவரை ஒன்றுதான். 1/24 என்றால் நிஜக் காரின் ஓர் அடி இங்கே அரை அங்குலம். தமியா, ஹசேகாவா, ஃபுஜிமி, அயோஷிமா போன்ற ஜப்பான் கம்பெனிகள் இந்த அளவில் செய்கின்றன. 1/25 அமெரிக்கக் கம்பெனிகளின் வழக்கம். டீலர்கள் கடையில் வைப்பதற்கு மாதிரிக் கார் செய்து கொடுத்துவந்த ஏஎம்டி, 1958இல் அந்த வருடத்துக் கார்களைக் கிட்டாகவும் விற்க ஆரம்பித்தது. நான்கே கால் மீட்டர் சொச்சம் நீளமுள்ள அம்பாசடர் 1/24இல் 180 மில்லிமீட்டர் வரும், 1/25இல் 173. அலமாரியில் சேர்த்து வைத்தால் அந்த 7 மில்லிமீட்டர் கண்ணில் படும்.

முதல் கிட்டுக்கு நான் சொல்வது, எஞ்சின் இல்லாத, பானெட் திறக்காத கிட். உடல், கண்ணாடி, சக்கரம், உள்ளே சீட். இந்த நான்கையும் சுத்தமாகச் செய்யக் கற்றுக்கொண்டால் போதும். பெட்டியைப் பிரித்ததும் எல்லாப் பாகங்களையும் பாத்திரம் கழுவும் சோப்பு போட்டுக் கழுவிக் காய வையுங்கள். அச்சிலிருந்து எளிதில் கழன்று வரத் தடவிய எண்ணெய்ப் பசை அதில் இருக்கலாம். அது இருந்தால் பெயிண்ட் பிடிக்காது.

வேலூர்: அண்ணா, ஸ்ப்ரே அடித்து ஒரு நாள் முழுக்கக் காயவிட்டேன். தொட்டால் காய்ந்துதான் இருந்தது. மாஸ்கிங் டேப் ஒட்டி எடுத்தால் டேப்பின் தடம் அப்படியே பதிந்துவிட்டது.

மேலே காய்ந்திருக்கிறது தம்பி, உள்ளே காயவில்லை. முதலில் மேல்தோல் இறுகிவிடும். அடியில் இருக்கும் தின்னர் அந்தத் தோல் வழியாகத்தான் மெதுவாக வெளியேற வேண்டும். மூக்குதான் இதற்குச் சோதனைக் கருவி. காரை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். பெயிண்ட் வாசனை துளி வந்தாலும் தின்னர் இன்னும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். சீக்கிரம் காயும் லாக்கர் பெயிண்ட் என்றால் சில நாள், மெதுவாகக் காயும் எனாமல் பெயிண்ட் என்றால் ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். நாள்கணக்கை நம்பாதீர்கள், வாசனையை நம்புங்கள். பதிந்த தடத்தை நன்றாகக் காய்ந்த பிறகு 2000 வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து லேசாகத் தேய்த்து எடுத்துவிடலாம்.

ஈரோடு: ஹார்டுவேர் கடை தின்னர் பாதி விலைதானே, அதை ஊற்றலாமா?

கூடாது. அந்தத் தின்னரில் பிளாஸ்டிக் கரையும்.

சென்னை: நவம்பரில் கறுப்புக் கார் மேல் கிளியர் கோட் (நிறமில்லாத மேல்பூச்சு) அடித்தேன். பத்து நிமிடத்தில் பால் ஊற்றியதுபோல வெளுத்துவிட்டது. டப்பா கெட்டுவிட்டதா?

டப்பா நன்றாகத்தான் இருக்கும். தின்னர் ஆவியாகும்போது தன்னைச் சுற்றி இருக்கும் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. கையில் ஸ்பிரிட் பட்டால் ஜில்லென்று இருக்கிறதே, அதேதான். பெயிண்டின் மேற்பரப்பு குளிர்ந்ததும் மழைக்காலக் காற்றில் இருக்கும் ஈரம் அதன்மேல் படிந்து உள்ளே மாட்டிக்கொள்கிறது. அதுதான் அந்த வெள்ளை. நம் கடற்கரை ஊர்களில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கிளியர் கோட் அடிக்க நல்ல மதிய வெயிலாகப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். காலை ஆறு மணிக்கு வேண்டவே வேண்டாம். வெளுத்ததைத் தேய்க்காதீர்கள். ஈரம் குறைந்த ஒரு நாளில் அதே கிளியரை மிக மெல்லியதாக ஒரு முறை அடித்தால் பழைய அடுக்கு இளகி, உள்ளே இருக்கும் ஈரம் பெரும்பாலும் வெளியேறிவிடும். ஸ்ப்ரே டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் வைத்துக் குலுக்கி அடித்தால் துளிகள் நைசாக விழும். வெதுவெதுப்பு என்றால் விரலை வைத்திருக்கக்கூடிய சூடு. அடுப்புப் பக்கமே டப்பாவைக் கொண்டுபோகக் கூடாது.

மதுரை: கண்ணாடியை ஃபெவிக்விக் போட்டு ஒட்டினேன். மறுநாள் உட்புறம் முழுக்கப் பனி படர்ந்ததுபோல ஆகிவிட்டது.

ஃபெவிக்விக்கின் ஆவி செய்த வேலை அது. கண்ணாடிப் பாகங்களுக்குச் சாதாரண வெள்ளை ஃபெவிகால் போதும். காய்ந்ததும் தெரியாது, தவறாக ஒட்டினாலும் கழற்றிவிடலாம்.

தூத்துக்குடி: கார் பெயிண்ட் கடையில் ஹார்ட்னர் கலந்து அடிக்கும் கிளியர் கண்ணாடிபோலப் பளபளக்கிறது. வீட்டு பால்கனியில் அடிக்கலாமா? என்95 மாஸ்க் இருக்கிறது.

அடிக்காதீர்கள். அந்த ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கும். நுரையீரலுக்குள் போனால் ஆஸ்துமாவைக் கொண்டுவரும், ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அப்புறம் துளி பட்டாலும் மூச்சு முட்டும். என்95 தூசியைத்தான் நிறுத்தும், ஆவியை நிறுத்தாது. சாதாரண ஸ்ப்ரேக்கே கரி கார்ட்ரிட்ஜ் உள்ள மாஸ்க் வேண்டும். உங்கள் பால்கனிக்குப் பக்கத்து வீட்டிலும் குழந்தைகள் இருப்பார்கள். அந்தப் பளபளப்புக்கு லாக்கர் கிளியர் அடித்து, வாசனை போகும்வரை காயவிட்டு, 2000, 3000 பேப்பரில் தேய்த்துப் பாலிஷ் போடுங்கள்.

சேலம்: கோடு தெரிவதற்காகக் கதவு இடுக்குகளில் கறுப்புப் பெயிண்ட் ஓடவிட்டேன். கார் கார்ட்டூன்போல இருக்கிறது என்கிறார்கள்.

வெள்ளைக் காருக்குக் கறுப்பு அதிகம். சாம்பல் போதும். சிவப்புக் காருக்கு அடர்ந்த அரக்கு நிறம் விடுங்கள். இடுக்கு அங்கங்கே மறைந்தும் போயிருந்தால் காரணம் பெயிண்டின் கனம். உங்கள் பெயிண்ட் மொத்தம் 0.1 மில்லிமீட்டர் கனம் இருந்தால், நிஜக் காரில் அது 2.4 மில்லிமீட்டர் பட்டி அப்பியதற்குச் சமம். அதனால்தான் பிரைமர் என்ற அடிப்பூச்சுக்கு முன்பே எல்லா இடுக்கையும் ஊசி முனையால் இரண்டு மூன்று தடவை இழுத்து ஆழமாக்கிவிட வேண்டும்.

கும்பகோணம்: அப்பா ஓட்டிய அம்பாசடரை 1/24இல் நானே உருவாக்க ஆசை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

உங்களுக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் எந்த மார்க், அதாவது அம்பாசடரின் எந்தப் பதிப்பு என்று முடிவு செய்யுங்கள். மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் சீரிஸிலிருந்து வந்த உருவம் 2014இல் உத்தர்பாராவில் உற்பத்தி நிற்கும்வரை பெரிதாக மாறவில்லை. முன் கிரில்லும் விளக்குகளும் மார்க்குக்கு மார்க் மாறின. அப்பாவின் கார் படம் ஒன்றாவது வீட்டில் இருக்கும், தேடி எடுங்கள்.

அளவுகள்: நீளம் 4325 மில்லிமீட்டர், அகலம் 1662, சக்கர மையத்திலிருந்து சக்கர மையம் 2464. இருபத்து நான்கால் வகுத்தால் 180.2, 69.3, 102.7. இதில் மூன்றாவதுதான் உங்கள் அளவுகோல். பக்கவாட்டுப் படத்தை, இரண்டு சக்கர மையங்களுக்கும் நடுவே சரியாக 102.7 வரும்படி அச்சடித்துக்கொண்டால் மீதி எல்லாம் அதிலிருந்து அளந்துகொள்ளலாம். படத்தைக் கிட்டே நின்று போனில் எடுக்காதீர்கள், நடுப்பகுதி உப்பித் தெரியும். இருபது இருபத்தைந்து அடி தள்ளி நின்று ஜூம் செய்து எடுங்கள். சொந்தக்காரரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். அம்பாசடர் வைத்திருப்பவர் பேச ஆரம்பித்தால் அளக்கும் டேப்பையும் அவரே பிடித்துக்கொள்வார்.

அச்சை மரத்தில் செதுக்கி, சூடாக்கிய பிளாஸ்டிக் தகட்டை அதன்மேல் இழுத்து உடலை எடுக்கலாம். கஷ்டமான இடம் கூரை இல்லை. பின் கதவு முடிந்து டிக்கி ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு தோள் இறங்குகிறதே, அதுதான். அது கொஞ்சம் தட்டையானாலும் அம்பாசடர் வேறு ஏதோ காராகிவிடும். அந்த வளைவை அட்டையில் வெட்டி வைத்துக்கொண்டு, மரத்தை இழைக்க இழைக்க வைத்துப் பாருங்கள். டயர் இல்லாமல் சக்கரம் 15 அங்குலம், மாடலில் 16 மில்லிமீட்டர் வரும். பொம்மைக் கடைச் சக்கரத்தைப் பொருத்தி மொத்தக் காரையும் கெடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கோவை: போன மாதம் ஒரு கல்லூரிப் பையன் தன் முதல் காரின் படத்தைக் காட்டினான். எல்லோரும் அருமை என்றார்கள். நீங்கள் மட்டும் மட்கார்டு மேல் மோல்ட் கோடு தெரிகிறது என்றீர்கள். பொழுதுபோக்குக்குச் செய்பவனிடம் குறை சொல்ல வேண்டுமா?

அச்சின் இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் பிளாஸ்டிக் கசிந்து மயிரிழைபோல ஒரு கோடு நிற்கும். நகத்தை ஓட்டினால் தடுக்கும். பெயிண்ட் அதை மறைக்காது, பளபளப்பு ஏற ஏற எடுத்துத்தான் காட்டும். 600 பேப்பரில் பத்து நிமிடம் தேய்த்தால் போய்விடும். இதையும் சேர்த்துத்தான் அவரிடம் சொன்னேன். யாரும் சொல்லாவிட்டால் பத்தாவது காரிலும் அந்தக் கோடு இருக்கும், ஏன் பொம்மைபோலத் தெரிகிறது என்று புரியாமல் தவிப்பார்.

திண்டுக்கல்: கோவைக்காரர் சொல்வது சரி. கேட்காமல் குறை சொல்வது முறையில்லை.

இதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு கூட்டத்தில் ஒரு பள்ளிக்கூடப் பையன் சிவப்பு மாருதி 800 கொண்டுவந்திருந்தான். எட்டுப் பேர் நிற்க, ஐந்து குறைகளை வரிசையாகச் சொன்னேன். ஐந்தும் உண்மைதான். அவன் காரைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்த விதம் இன்றும் கண்ணில் நிற்கிறது. மறுபடி அவன் வரவில்லை. அன்றிலிருந்து முதலில் கேட்டுவிட்டுத்தான் பேசுகிறேன்: இதில் என்ன செய்து பார்க்க நினைத்தீர்கள்? பெயிண்ட் என்றால் பெயிண்டைப் பற்றி மட்டும். நன்றாக வந்த இடத்தை ஏன் நன்றாக இருக்கிறது என்று காரணத்தோடு சொல்கிறேன். திருத்த வேண்டியதில் ஒன்றே ஒன்று, அதுவும் நாளைக்கே கையால் செய்யக்கூடியதாக.

கோவை: அந்த ஒன்றும் எதற்கு? அருமை என்றால் அவன் அடுத்த காரை ஆரம்பிப்பான்.

ஆரம்பிப்பார். ஆனால் எல்லாப் படத்துக்கும் அருமை என்று சொன்னால், நிஜமாகவே அருமையாக வரும் நாளில் அவருக்குச் சொல்ல நம்மிடம் என்ன மிச்சம் இருக்கும்? எட்டு வாரம் ராத்திரி உட்கார்ந்து செய்தவர், ஒருவர் கூர்ந்து பார்த்தாரா என்றுதான் எதிர்பார்க்கிறார். முன் விளக்கின் வளையத்துக்குச் சில்வர் அடிக்காமல் ஃபாயில் ஒட்டியிருக்கிறீர்களே என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும்.

ஓசூர்: குறை என்றால் முழுதாகச் சொல்ல வேண்டும். அந்தப் படத்தில் கிரில் கம்பிகளே ஒன்று குறைவு. அதை ஏன் விட்டீர்கள்?

அது கிட் செய்த கம்பெனியின் தவறு. ஒட்டி முடித்த காரில் அதைக் கேட்டு அவர் என்ன செய்வார்? நிஜக் காரைப்போல அச்சாக வேண்டும் என்று அவரே சொன்னால் கம்பி எண்ணலாம். 1/12 போர்ஷே செய்வதற்காகத் தமியா கம்பெனி நிஜ போர்ஷே 911 ஒன்றை வாங்கிப் பிரித்துப் பார்த்தது. அப்படிப்பட்ட துல்லியத்தின்மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் அது வேலையை ஆரம்பிக்கும் முன் சொல்ல வேண்டிய விஷயம். இன்னொன்று, படத்தைப் பெரிதாக்கிக் குறை தேடாதீர்கள். போன் திரையில் அந்த மட்கார்டு நிஜ மாடலைவிடப் பெரிதாகத் தெரியும். கையில் பிடித்தால் ஒரு முழத் தூரத்தில் என்ன தெரியுமோ, அதைச் சொன்னால் போதும்.

இந்த விவாதம் இன்னும் பதினோரு பேரிடமிருந்து வந்திருக்கிறது. என் பதில் மேலே இருப்பதுதான்.

நாகர்கோவில்: ஸ்ப்ரே எத்தனை மணி நேரம் காய வேண்டும்?

வேலூருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

தஞ்சாவூர்: ரிமோட் கார் பேட்டரி சீக்கிரம் இறங்குகிறது.

அது வேறு துறை. ரிமோட் கார் ஓட்டுபவர்களிடம் கேளுங்கள்.

கரூர்: லாக்கர் மேல் எனாமல் அடிக்கலாமா, எனாமல் மேல் லாக்கரா?

முதலாவது சரி. இரண்டாவதில் எனாமல் சுருங்கி வெடிக்கும்.

புதுச்சேரி: பெயிண்ட் காய எத்தனை நாள்?

இதே கேள்வி இன்று ஐந்தாவது முறை. மூக்கால் பாருங்கள். வாசனை இருக்கும்வரை தொடாதீர்கள், டேப் ஒட்டாதீர்கள், கிளியர் அடிக்காதீர்கள்.

கடலூர்: சார், மட்கார்டு கோடு விஷயத்தில் பேசப்பட்டது என் கார்தான். நான் கோபித்துக்கொள்ளவில்லை. 600 பேப்பரில் தேய்த்துவிட்டேன். கூரைத் தூணிலும் அதே கோடு இருந்தது, அதையும் எடுத்தேன். இப்போது பிரைமர் அடித்திருக்கிறேன். பார்த்துச் சொல்கிறீர்களா?

கூரைத் தூணை நான் சொல்லாமலே நீங்களாகக் கண்டுபிடித்திருக்கிறீர்கள், ரொம்ப சந்தோஷம் தம்பி. படத்தை ஜன்னல் ஓரத்தில், காலை வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து எடுத்து அனுப்புங்கள். நேர் வெளிச்சத்தில் பிரைமர் எல்லாவற்றையும் மறைத்துவிடும். இந்தக் காரில் எதைச் செய்து பார்க்க நினைக்கிறீர்கள் என்பதையும் ஒரு வரி எழுதுங்கள்.